‘மண்வாசனை’ என்னும் வேலி

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத் தொடக்கத்தில் தமிழ்ப் பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் இளையராஜாவைக் கொண்டாடுகின்றன. ஆண்டு மாறினாலும் சொற்கள் மாறுவதில்லை. மண்வாசனை, கிராமத்து இசை, தாய்மடி, பிறவி மேதை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ஒருவரைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நம் பொதுப்புத்தி திரும்பத் திரும்ப இந்த நான்கு சொற்களைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறது.

இவை பாராட்டுப் போலவே ஒலிக்கும். பலர் உண்மையான அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சொல் யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு வழங்கப்படுவதில்லை என்று பார்த்தால்தான் அதன் அரசியல் தெரியும். மயிலாப்பூரிலிருந்தோ தஞ்சாவூர் அக்ரகாரத்திலிருந்தோ வந்த எந்த இசைக்கலைஞரின் இசையிலாவது நம் விமர்சகர்கள் ‘மண்வாசனை’ முகர்ந்ததுண்டா? அங்கே ஞானம், பாடாந்தரம், சம்பிரதாயம் என்ற சொற்கள் வந்துவிடும். பண்ணைப்புரத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்றால் மட்டும் மண், வாசனை, இயல்பூக்கம். ஒருவருக்கு அறிவு, இன்னொருவருக்கு மணம். சேரியையும் ஊரையும் பிரிக்கும் அதே கோடுதான் இங்கே ரசனையின் பெயரில் போடப்பட்டிருக்கிறது.

கற்றதை மறைக்கும் கதை

1976இல் வந்த ‘அன்னக்கிளி’ பற்றி நமக்குச் சொல்லப்படும் கதையை எடுத்துக்கொள்வோம். இந்திப் பாட்டில் மயங்கிக் கிடந்த தமிழ்நாட்டுக்கு, கிராமத்திலிருந்து ஒரு இளைஞன் ஆர்மோனியப் பெட்டியோடு வந்து நாட்டுப்புறப் பாட்டைக் கொடுத்தான் என்பது அந்தக் கதை. வண்டி நேராகப் பண்ணைப்புரத்திலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து நின்றதுபோல ஒரு சித்திரம்.

இடையில் நடந்தது என்ன? அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடி, வாசித்துத் திரிந்த ஆண்டுகள். சென்னை வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதன் எழுத்துமுறையையும் பயின்றது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வெழுதி கிளாசிக்கல் கிதாரில் தேறியது. கன்னடத் திரையுலகில் முன்னணியில் இருந்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் படம் படமாக உழைத்தது. ‘அன்னக்கிளி’ வெளியானபோது இளையராஜா 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் படித்து, பழகி, பிறர் பெயரில் உழைத்து முதிர்ந்த ஒரு தொழில்முறை இசைஞர் அவர்.

இந்தப் படிப்பு அத்தனையும் ‘பிறவி மேதை’ என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகிறது. தவழும்போதே பாடினார், கடவுள் கொடுத்த வரம் என்று சொல்லிவிட்டால் அவர் எதையும் கற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கல்வி மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர், அந்த மறுப்பை உடைத்துக் கற்றார் என்பதுதான் இந்த வாழ்க்கையின் மையச் செய்தி. அதைத்தான் இந்தப் பாராட்டு முதலில் துடைக்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு பக்கமும் அனுபவத் தரவு மறுபக்கமும் சாதிவாரியாகப் பிரிந்துகிடப்பதை கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையில் அம்பலப்படுத்தினார். தலித் ஆய்வாளரிடம் எப்போதும் கேட்கப்படுவது ‘உங்கள் அனுபவம்’. அதைக் கொண்டு கோட்பாடு எழுதும் வேலை வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். இசையிலும் அதே ஏற்பாடுதான் நடக்கிறது. இளையராஜா நமக்கு ‘அனுபவம்’ தர வேண்டும். கோட்பாட்டை அகாடமியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

‘நாட்டுப்புறம்’ யாருடைய முகவரி?

அடுத்து அந்த ‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லையே பார்ப்போம். பறைக்கு ஒரு முகவரி உண்டு. சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட கைகளின் முகவரி அது. நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் முகவரி உண்டு. குனிந்த முதுகும் கூலியும் இழவும் கொண்ட முகவரி. இவற்றையெல்லாம் ‘மண்ணின் இசை’ என்று அழைக்கும்போது என்ன நடக்கிறது? அடித்த கையும் பாடிய வாயும் காணாமல் போய், மண் மட்டும் மிஞ்சுகிறது. மண் யாரையும் குற்றம் சாட்டாது, கூலி கேட்காது. ஆகவே அதை ரசிப்பது யாருக்கும் எளிது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். சபா மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்துக்குத் தோல் வேண்டும். அதைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரச் செய்யும் கைகளில் பெரும்பாலானவை தலித் கைகள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இட அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. செவ்வியல் என்று சொல்லப்படுவதற்குள் இருக்கும் தலித் உழைப்பைப் பேசினால் மேடை கிடைக்காது. தலித் ஒருவரின் படைப்பில் இருக்கும் செவ்வியல் நுட்பத்தைப் பேசினால் காது கிடைக்காது. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

‘அப்படியானால் நாட்டுப்புற இசையில் அவர் செய்ததை மறுக்கிறாயா?’ என்று கேட்கலாம். மறுக்கவில்லை. ஏளனமாகப் பார்க்கப்பட்ட ஒலிகளைத் தமிழ்நாட்டின் பொது ஒலியாக மாற்றியது சாதாரண காரியமல்ல. தெம்மாங்கைக் கேட்டு வெட்கப்பட்டவர்களைத் தெம்மாங்குக்குத் தலையாட்ட வைத்தார். அந்த நிலம் அவருடையது. என் சண்டை அந்த நிலத்தோடு இல்லை. அதைச் சுற்றிப் போடப்பட்ட வேலியோடுதான்.

வேலிக்கு வெளியே

வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது? முதலில், பாடல்களுக்கு நடுவே அவர் எழுதிய ஆயிரக்கணக்கான மணிநேரப் பின்னணி இசை.

படத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல் ஒவ்வொரு கருவிக்கும் உரிய குறிப்புகளை நேரடியாகத் தாளில் எழுதித் தருவது அவருடைய முறை என்பதை அவருடன் பணியாற்றிய கலைஞர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். இது எழுத்து வேலை. வயலின் எந்த இடத்தில் நுழைய வேண்டும், செல்லோ எதைத் தாங்க வேண்டும், எங்கே எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே மனதுக்குள் கேட்டுவிட்டு எழுதும் வேலை. இதை ‘ஊற்று’, ‘அருவி’ என்று வருணிப்பவர்கள் ஒரு எழுத்தாளரை அவர் தாளிலிருந்து பிரித்துக் காட்டுக்கு அனுப்புகிறார்கள்.

‘நாயகன்’ (1987) படத்தை மறுபடி பாருங்கள். தாலாட்டுப் போன்ற எளிய மெட்டு ஒன்று தொடக்கத்திலேயே வருகிறது. தனியாகக் கேட்டால் அதை நாட்டுப்புற மெட்டு என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்த மெட்டு படம் நெடுக வேறு வேறு வாத்தியங்களில், வேறு வேறு வேகத்தில், வேறு வேறு மரணங்களின் மேல் திரும்பி வருகிறது. ஒரு சிறு கருவை எடுத்துப் பல உருவங்களில் வளர்த்து ஒரு பெரிய கட்டமைப்பைத் தாங்க வைப்பது சிம்பொனிக்காரர்களின் கலை. தெருவில் பாடக்கூடிய ஒரு மெட்டைக் கொண்டு அதைச் செய்தார். இந்த மெட்டில் எங்கே நாட்டுப்புறம் முடிகிறது, எங்கே செவ்வியல் தொடங்குகிறது? கோடு போட முடியாது. அந்த இடத்தில்தான் இளையராஜா இருக்கிறார்.

‘ஹே ராம்’ (2000) படத்தில் வேறொரு கதை. முதலில் எல். சுப்ரமணியம் இசையில் பாடல்கள் படமாக்கப்பட்டிருந்தன. அவர் விலகிய பிறகு, ஏற்கெனவே எடுத்த காட்சிகளில் உள்ள உதட்டசைவுக்குப் பொருந்தும்படி முற்றிலும் புதிய பாடல்களை இளையராஜா எழுதினார். பிறருடைய மெட்டுக்கு அசைந்த உதடுகளில் தன் மெட்டைப் பொருத்துவது கணக்கு, யாப்பு, நாடகம் மூன்றும் கைவசம் உள்ளவர் செய்யக்கூடியது. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் கணினிவழி ஒலிக்கோவையைத் தமிழ்த் திரையில் முன்னோடியாகப் பயன்படுத்தியவரும் இதே ‘கிராமத்துக்காரர்’தான்.

2013இல் மிஷ்கின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ எடுத்தார். படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. கிராமமும் இல்லை. இரவில் சென்னை நகரம், ஓட்டம், குண்டடி, குற்ற உணர்ச்சி. அதில் வரும் இசையைப் ‘பின்னணி’ என்று சொல்ல மனம் வராமல் ‘முன்னணி இசை’ என்று பெயர்ப்பட்டியலில் போட்டார் இயக்குநர். நம் ‘மண்வாசனை’ விமர்சகர்களிடம் அந்தப் படத்துக்கான சொல் இல்லை. அந்த நகரத்து இரவில் அவர்கள் முகரும் மண் கிடைக்கவில்லை.

பாக் வந்த வீடு

இன்னொன்று 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’. படம் இல்லை, பாடகர் இல்லை, வரிகள் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட வாத்திய இசைத் தொகுப்பு. வயலின் வி.எஸ். நரசிம்மன். பாலு மகேந்திரா தன் ‘வீடு’ (1988) படத்தின் பின்னணிக்கு இந்த இசையையே எடுத்துக்கொண்டார்.

தொகுப்பின் தலைப்பே ஒரு கேள்வி: இதற்கு என்ன பெயர் வைப்பது? எல்லாவற்றுக்கும் சாதி கேட்டுப் பெயர் வைக்கும் ஒரு நாட்டில், வகைப்படுத்த முடியாத ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, முடிந்தால் பெயர் வை என்று சொல்லும் தலைப்பு. உள்ளே ஒரு பகுதிக்கு ‘டோன்ட் கம்பேர்’, ஒப்பிடாதே என்று பெயர். இன்னொன்று ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்.

இந்தக் கடைசித் தலைப்பைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பாக்கின் வீட்டுக்கு நான் போனேன் என்று சொல்லவில்லை. சபாவின் படியேறி அவர்களுடைய சன்னதியில் நின்றேன் என்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்கு அவர் வந்தார், பேசினோம். யார் வீட்டுக்குள் யார் நுழையலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பதைக் கொண்டே ஒழுங்குபடுத்தப்பட்ட சமூகத்தில், சேரியிலிருந்து வந்த ஒருவர் வைத்த தலைப்பு இது. இந்த அர்த்தம் அவர் எண்ணத்தில் இருந்ததா என்பது என் கேள்வி இல்லை. தலைப்பு நம் முன்னால் இருக்கிறது. படிக்கும் பொறுப்பு நம்முடையது.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நடந்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அர்த்த மண்டபத்துக்குள் கால் வைத்தவர் வெளியே நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். இது எல்லோருக்கும் பொருந்தும் மரபு, ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர வேறு யாரும் நுழைவதில்லை என்று விளக்கம் வந்தது. தன்னைப் பற்றி வதந்தி பரப்புகிறார்கள், சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் தான் இல்லை என்று அவரே மறுத்தார். சரி. ஆனால் பிறப்பால் சிலருக்கு மட்டும் திறந்து மற்ற எல்லோருக்கும் மூடியிருக்கும் ஒரு இடத்தை ‘எல்லோருக்கும் பொதுவான மரபு’ என்று சொல்வதற்குப் பெயர் என்ன? அதற்குப் பெயர் வைப்பதில் நமக்குக் கஷ்டமே இல்லை.

விருதுகளின் காது

தேசிய விருதுக் குழுக்களின் காதும் இதையே காட்டுகிறது. இளையராஜாவுக்கு இசையமைப்புக்காக முதலில் கிடைத்த மூன்று தேசிய விருதுகள் ‘சாகர சங்கமம்’, ‘சிந்து பைரவி’, ‘ருத்ரவீணா’ ஆகிய படங்களுக்கானவை. ஒன்று செவ்வியல் நடனக் கலைஞனின் கதை, மற்ற இரண்டும் கர்நாடக இசைக் குடும்பங்களைச் சுற்றிய கதைகள். 1978இன் ‘முள்ளும் மலரும்’, 1979இன் ‘உதிரிப்பூக்கள்’, 1980இன் ‘ஜானி’ எதற்கும் அந்த விருது இல்லை. கதையில் சபா வந்தால்தான் இசையில் அறிவு இருப்பது கேட்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. ‘சிந்து பைரவி’யில் தெருப்பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் இடையே உள்ள சுவரைத்தான் அவர் இடிக்கிறார். நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்குவது அப்படியே தியாகராஜர் கீர்த்தனைக்குள் போய்ச் சேருகிறது. அந்தக் கீர்த்தனையை வழக்கமான காம்போதியில் வைக்காமல் சாரமதி ராகத்தில் வைத்தார். அதற்காகச் சம்பிரதாயவாதிகள் முகம் சுளித்தார்கள். சபாவுக்குள் நுழைந்து தோரணத்தை மாற்றிக் கட்டியதற்கே விருது கொடுத்துவிட்டு, சபாவைப் போற்றியதற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

2018இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது, தலித்துகளைக் கவர மத்திய அரசு எடுத்த முயற்சி என்ற பொருளில் ஒரு ஆங்கில நாளிதழ் தலைப்பிட்டது. நான்கு பத்தாண்டு இசை ஒரே நாளில் வாக்குவங்கிக் கணக்காகிவிட்டது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியபோதும், பண்ணைப்புரத்திலிருந்து லண்டன் வரை என்ற பயணக் கதையை எழுதியவர்கள்தான் அதிகம். அந்தச் சிம்பொனிக்குள் என்ன நடக்கிறது என்று எழுதியவர்கள் சொற்பம். 81 வயதிலும் அவருடைய ஊர்ப்பெயர்தான் செய்தி.

திமிரும் கர்வமும்

இளையராஜாவைப் பற்றி அதிகம் புழங்கும் இன்னொரு சொல் ‘திமிர்’. மேடையில் கடிந்துகொண்டார், தன்னைத் தானே புகழ்ந்துகொண்டார், பாட்டுக்கு ராயல்டி கேட்கிறார். தன்னுடன் உழைத்தவர்களை மேடையில் கடிந்துகொள்வது எனக்கும் உவப்பில்லை. அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் சபா உலகில் ஒரு வித்வான் இதையே செய்தால் அதற்கு ‘வித்யா கர்வம்’ என்று அழகான பெயர் இருக்கிறது. அந்தக் கர்வத்தைப் பற்றி ரசமான கதைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. அதே நடத்தை, இரண்டு சொற்கள். எது யாருக்கு என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

ராயல்டி விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். வழக்குகளின் சட்ட நியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். கேலியில் ஒலிக்கும் தொனியைக் கவனியுங்கள்: ‘எல்லோருக்கும் பொதுவான பாட்டுக்குக் காசு கேட்கிறாரே!’ மண்ணின் இசை என்று பெயர் வைத்ததன் பலன் இதுதான். மண் பொதுவானது என்றால் பாட்டும் பொதுவானது. பொதுவானதற்கு உரிமையாளர் எங்கிருந்து வருவார்? உழைத்தவரின் பெயரை அழித்துவிட்டு விளைச்சலை மட்டும் பங்கிட்டுக்கொள்வது நம் கிராமங்களில் மிகப் பழைய பழக்கம்.

நம் காதுகளும்தான்

இதுவரை எழுதியதற்கு இந்தப் பக்கத்தின் வாசகர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனி நம்மைப் பற்றி.

2022இல் அம்பேத்கரையும் மோடியையும் இணைத்து வெளியான நூலுக்கு இளையராஜா எழுதிய முன்னுரை தவறானது. சாதி ஒழிப்பைப் பேசியவரையும் சாதியைக் காக்கும் அரசியலின் தலைவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதே ஆண்டு அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதையும் அந்த முன்னுரையிலிருந்து பிரித்துப் பார்க்க நான் தயாரில்லை. இந்த விமர்சனத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

ஆனால் அப்போது நம் பக்கத்திலிருந்து வந்த வசவுகளை நினைத்துப் பாருங்கள். ‘அங்கே பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? சங்கத்தோடு உறவாடும் ஆதிக்கசாதி இசைக்கலைஞர்களிடம் ‘அங்கே பிறந்துவிட்டு’ என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குக் கருத்து இருக்கலாம். இவருக்குப் பிறப்பு மட்டும்தான் இருக்கலாம். தவறான கருத்தைத் தவறான கருத்து என்று எதிர்ப்பதுதான் ஒருவரைச் சமமாக நடத்துவது. பிறப்பை இழுத்து நன்றிக்கடன் கேட்பது ஆண்டைகளின் மொழி.

அதன் பிறகு நம்மில் இரண்டு பழக்கங்கள் நிலைத்துவிட்டன. ஒரு சாராருக்கு அவர் சுவரொட்டி: ஏப்ரல் 14க்குப் படம் போட்டுக்கொள்ளலாம், பறையிசையின் வாரிசு என்று எழுதிக்கொள்ளலாம். இன்னொரு சாராருக்கு அவர் கைவிடப்பட்டவர்: ‘சங்கி’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். இரு சாராருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவருடைய இசையை உட்கார்ந்து கேட்க வேண்டிய தேவை இருவருக்கும் இல்லை. சுவரொட்டி போடுபவர்கள் அதே மண்வாசனையைச் சிவப்பிலும் நீலத்திலும் அச்சடிக்கிறார்கள். வேலி போட்டவன் வேறு ஆள். அதற்கு வண்ணம் பூசுவது நாம்.

‘அவரே தன்னை அந்த அடையாளத்தோடு வைத்துப் பேச விரும்பாதபோது நமக்கென்ன?’ என்பது அடிக்கடி வரும் வாதம். அடையாளத்தை ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை. இங்கே விசாரணைக்கு உள்ளாவது அவருடைய பிறப்புச் சான்றிதழ் அல்ல, நம் காது. ஒரு தலித் சிம்பொனி எழுதினால் அதைச் சிம்பொனியாகக் கேட்க இந்தச் சமூகத்துக்கு முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு நாம் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. வாசிப்பு வட்டம் நடத்தும் தோழர்கள் ஒரு மாதம் கேட்பு வட்டம் நடத்துங்கள். பாடல்களை ஒதுக்கிவிட்டு ‘உதிரிப்பூக்கள்’ படத்தை இசைக்காக மட்டும் பாருங்கள். எங்கே இசை பேசாமல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹவ் டு நேம் இட்’டையும், 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’டையும் முழுசாகக் கேளுங்கள். நம் பல்கலைக்கழக இசைத்துறைகளில் இந்தப் படைப்புகள் பாடமாக இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள். அவர் கைப்பட எழுதிய இசைத்தாள்களை வகைப்படுத்திக் காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்பதை ஒரு சாதியொழிப்புக் கோரிக்கையாகவே வைப்போம். எழுத்து மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவர் எழுதிக் குவித்த தாள்கள் அவை.

அவற்றை வாசிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் கற்றுக்கொண்டதுபோல.